சிங்கப்பூரில் ஒரு நாள்: கண்ணாடிப் புட்டிகள் சொன்ன செய்தி

'சபர்' என்னும் சொல்லைக் கேட்டுக் கண் கலங்காத தாய்மார்கள் நம் கடற்கரை ஊர்களில் மிகக் குறைவு. என் பாட்டனாரும் ஒரு சபுராளியே. திருமணமான நான்காம் மாதம், 1929-இல், நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றவர் எட்டாண்டுகள் கழித்தே ஊர் திரும்பினார். வாசலில் நின்றவரைக் கண்டு, "உம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடிய சிறுவன்தான் என் தந்தையார்.

அந்தச் சிங்கப்பூரைக் காணும் வாய்ப்பு, மதர்ஸா விடுமுறையில் எனக்கும் என் துணைவியாருக்கும் கிட்டியது. அல்ஹம்துலில்லாஹ். என் தம்பி மகன் அங்கே பணிபுரிகிறான். ஞாயிறன்று காலையில் அவன் கேட்டான்: "பெரிய வாப்பா, முதலில் மெரினா பே போவோமா, செந்தோசா போவோமா?"

"உன் கொள்ளுப்பாட்டனார் நடந்த தெருக்களைக் காட்டு" என்றேன்.

கடல் விலகிய தெரு

வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே இன்று ஒடுங்கிக் கிடக்கும் தெலுக் ஆயர் தெரு, ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள், அலைகள் அகன்றன. 1828–30 ஆண்டுகளில் நம்மவர் எழுப்பிய நாகூர் தர்கா நினைவிடம் அங்கு நிற்கிறது. 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கப்பட்டதால் தமிழர் நாவில் அது 'குச்சுப் பள்ளி' ஆயிற்று. இவ்விரண்டிற்கும் இடையே சீனர்களின் தியான் ஹாக் கெங் கோயில். கடல் கடந்து வந்தவர் எவராயினும், கரையேறியதும் நன்றி செலுத்தவே இடம் தேடியிருக்கின்றனர்.

அங்கிருந்து நடந்து சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை அடைந்தோம். 1830களில் எழுந்த இதன் இரட்டை மினாராக்களைக் கண்டதும், "நம் ஊர்ப் பள்ளிக்கே வந்துவிட்டோமோ?" என்றார் என் துணைவியார்.

ஏழைகளின் பங்கு

லுஹர் தொழுகைக்குச் சுல்தான் பள்ளிவாசலுக்குச் சென்றோம். 1820களில் அவ்விடத்தில் எழுந்த முதல் பள்ளி சிறிதாகிவிடவே, இன்றைய பள்ளியை 1932-இல் கட்டி முடித்தனர். வரைபடம் தந்தவர் டெனிஸ் சான்ட்ரி என்னும் கட்டடக் கலைஞர். பொன்னிறக் கும்மட்டத்தின் அடியில் கரிய வளையம் ஒன்று சுற்றி ஓடுகிறது. உற்று நோக்கினால், அது முழுவதும் கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள்! செல்வர்கள் பொருள் தந்தபோது, ஏழைகளும் பங்கு பெறட்டும் என்று அவர்களிடம் புட்டிகளைப் பெற்றுப் பதித்தனராம். பாட்டனார் அந்நகரில் மூட்டை சுமந்த ஆண்டுகளில்தான் இப்பள்ளி உயர்ந்தது. அவர் கொடுத்த புட்டியும் அங்கிருக்குமோ என்று நெடுநேரம் அண்ணாந்து நின்றேன்.

பகலுணவு, எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில், 1908 முதல் நடந்துவரும் ஜம்ஜம் உணவகத்தில். மாவை வீசி வீசித் துணிபோல் மெல்லியதாக்கி, ஆட்டிறைச்சியும் வெங்காயமும் முட்டையும் இட்டு, நாற்புறமும் மடித்துக் கல்லில் வேக வைக்கிறார்கள். இதுவே முர்தபா. தொட்டுக்கொள்ளக் குழம்பு, பின்னர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக். வயிறு நிறைந்தது.

சாப்பிடும்போதே தம்பி மகனின் கைபேசி ஒலித்தது. ஊரிலிருந்து அவன் மனைவி. ஒன்றரை வயது மகள் திரையில் தந்தையைக் கண்டு சிரித்தாள். அவளை அவன் நேரில் தூக்கியது ஒரே ஒருமுறை. அவனது வேலை அனுமதியில் குடும்பத்தை அழைத்துவர இடமில்லை. பேசி முடித்தவன் தட்டில் மீதமிருந்ததைத் தொடவில்லை.

சாய்ந்த மினாரா

அஸர் நேரத்தில் பீச் சாலையிலுள்ள ஹாஜா ஃபாத்திமா பள்ளிவாசலை அடைந்தோம். மலாக்காவில் பிறந்து, கணவருக்குப் பின் வணிகத்தை நடத்திய பெருமாட்டி ஒருவர், தம் இல்லம் கொள்ளையடிக்கப்பட்டு எரிந்தபோதும் உயிர் தப்பியதற்கு நன்றியாக 1840களில் அப்பள்ளியைக் கட்டினார். மணற்பாங்கான நிலத்தில் மினாரா சற்றே சாய்ந்து நிற்கிறது. அவரது கப்ரும் அங்கேயே உள்ளது.

வெளியே வந்ததும் என் துணைவியார் மெல்லக் கேட்டார்: "இந்த அம்மையாரின் பெயர் பள்ளிக்கே நின்றுவிட்டது. புட்டி கொடுத்தவர்களின் பங்கைக் கும்மட்டம் காட்டுகிறது. அவர்களை அனுப்பிவிட்டு எட்டாண்டு வாசலைப் பார்த்திருந்த பெண்களின் பங்கு எங்கே தெரிகிறது?"

என்னால் பதில் கூற இயலவில்லை. தம்பி மகன் தலை குனிந்து நடந்தான். அன்றிரவு அவனே சொன்னான்: "இந்த வருடம் மிகைநேர வேலையைக் குறைத்துக்கொண்டு, இரண்டு மாதம் ஊரில் இருக்கப் போகிறேன், பெரிய வாப்பா."

அன்பார்ந்த வாசகர்களே! சபர் நமக்குச் சோறு போட்டது. வீடு கட்டித் தந்தது. அதனைப் பழிப்பது நன்றியன்று. ஆயினும், மணமாகி மாதங்கள் கழியுமுன் மகனைக் கப்பலேற்றத் துடிக்கும் பெற்றோர், மருமகளின் முகத்தையும் ஒரு முறை பார்க்கட்டும். மாதந்தோறும் வரும் பணத்தை எண்ணும் கைகள், அவன் ஊரில் கழித்த நாட்களையும் எண்ணட்டும். குழந்தைக்குத் தந்தையின் முகம் திரையில் மட்டும் தெரிந்தால் போதாது; தோளும் தெரிய வேண்டும்.