பச்சோந்திக்குப் பத்தியம்

நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறுவதும், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், நாழிகைக்கொரு தரம் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று விசாரிப்பதுமே சுசுருஷை என்று எண்ணி வளர்ந்த நமக்கு, நோயாளியின் பக்கமே போகாமலிருப்பதும் ஒரு சிகிச்சைதான் என்றால் விசித்திரமாகத்தான் படும். சென்ற வாரம் நான் எழுதிய கிளி, முகம் பார்த்துப் பேசினால் தேறுகிற ஜாதி. இந்த வாரத்து நோயாளி அதற்கு நேர் விரோதம்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் சில வாரங்கள் நான் தங்கியிருந்த வீட்டின் அம்மாள், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, ஜாக்ஸன் பச்சோந்தி ஒன்றை வளர்த்து வந்தார். மூக்கின் மேல் ஒன்றும் கண்ணுக்கொன்றாக இரண்டுமாக மூன்று கொம்புகள் தாங்கிய, கென்யாவின் மலைப் பிரதேசத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இனம் அது. நான் போன அன்று பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. "தூங்குகிறது போலிருக்கிறது" என்றேன். "பகலில் தூங்கினால் வியாதி என்று அர்த்தம்" என்றார் அம்மாள்.

தளர்ந்த பிராணியைப் பறவை உடனே கண்டுகொள்ளும் என்பதனால் நோயைக் கூடியவரை மறைத்து வைப்பது பச்சோந்தியின் சுபாவம். ஆகையால் நமக்குத் தெரிய வரும்போது நோய் முற்றியிருக்கும். தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிய அதைப் பரிசோதித்த வைத்தியர், நுரையீரலில் கிருமி தொற்றியிருப்பதாகச் சொல்லி, முன்னங்கையில் ஊசி போட்டார். காற்றோட்டமில்லாத கண்ணாடிப் பெட்டியில் வைத்தது தம் பிழை என்று அம்மாள் ஒப்புக்கொண்டார். அந்தக் கண்ணாடியில் தன் பிம்பத்தையே எதிரியென்று எண்ணி அது நாளெல்லாம் சீறியதும் சேர்ந்து தேகத்தைக் கெடுத்திருக்க வேண்டும். வலைக்கூண்டு வந்தது. ஒரு மூலையில் வெப்ப விளக்கும் மறு மூலையில் இலை நிழலும் அமைந்தன. சொந்தமாக உடற்சூடு உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி, தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடி நகர வேண்டுமல்லவா? எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்துப் பொடி. அந்தச் சத்து உடலில் ஒட்டுவதற்குப் புற ஊதாக் கதிர் விளக்கு.

பெரும்பாடு தண்ணீர்தான். கிண்ணத்தில் தேங்கிய நீர் அதற்கு நீராகவே படுவதில்லை. அம்மாள் கூண்டின் மேல் ஒரு சிறு பாத்திரத்தை வைத்து, அதிலிருந்து செம்பருத்திக் கிளையின் மேல் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்திருந்தார். துளி இலை நுனிக்கு வந்து, திரண்டு, விழலாமா என்று தயங்கி ஆடும். அந்த ஆட்டத்தைக் கண்டு ஒரு கண் மட்டும் மெல்லத் திரும்பும். மற்றொரு கண் எங்கள்மேல். நாங்கள் திரைக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகே வாய் இலையைத் தொட்டது. தினமும் காலையில் எச்சத்தின் வெண்பகுதியைப் பார்ப்பார் அம்மாள். அது ஆரஞ்சு நிறமாயிருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. ஐந்தாம் நாள் வெளுத்தது.

மனம் மாறுகிறவனைப் பச்சோந்தி என்று வைகிறோம். இதுவோ தன் மனத்தை மறைக்கத் தெரியாத ஜீவன்: நாங்கள் நெருங்கினால் கறுக்கும், விலகினால் பசுமை திரும்பும். தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதனால் வர்ணம் மாறுகிறதென்று, மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 2015இல் விளக்கினார்கள். நோயைச் சொல்லாத அந்த வாய்க்குப் பதிலாகத் தோல் பேசிற்று.

இதே தீவில், கனேயோஹே என்ற ஊரில், 1972ஆம் ஆண்டு நடந்ததையும் அம்மாள் சொன்னார். வளர்ப்புப் பிராணி வியாபாரி ஒருவர் கென்யாவிலிருந்து தருவித்த இந்த இனத்துப் பச்சோந்திகள் சில டஜன், பிரயாணத்தில் மெலிந்து வாடி வந்து சேரவே, தேறட்டும் என்று அவற்றைத் தம் தோட்டத்தில் விட்டிருக்கிறார். திறந்த காற்று, மழைச்சாரல், வேண்டிய பூச்சி, தொடுவாரில்லாத தனிமை: எந்த வைத்தியரும் அதைவிட நல்ல சிகிச்சை எழுதித் தந்திருக்க முடியாது. தேறின, தேறியவை திரும்பவில்லை. முட்டையிடாமல் குட்டி போடும் இனமாதலால், கூலாவ் மலைச் சாரலில் பல்கிப் பெருகி, இன்று அத்தீவுக்கே உரிய மர நத்தைகளைத் தின்கின்றன. அகாட்டினெல்லா என்ற அந்த நத்தைக் குலம் முழுவதையும் அமெரிக்க அரசு 1981இலேயே அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவித்துவிட்டது. அந்த வியாபாரியின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன். (நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதே 1972இல் பிறந்ததுதான், வேலியோரத்துப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது அதன்படி குற்றம் என்பதை, இதைப் படித்து ஆசைப்படும் வாசகர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.)

பதினோராம் நாள் அம்மாள் சில்வண்டு ஒன்றைப் பொடியில் புரட்டிக் கிளையில் விட்டார். இரண்டு கண்களும் ஒருசேர முன்னால் திரும்பின. நாக்கு போனதும் வந்ததும் என் கண்ணுக்குப் படவில்லை. வண்டு இருந்த இடத்தில் கொஞ்சம் வெண்பொடி மட்டும் இருந்தது. அன்றிரவு, கூண்டின் கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாள் படுக்கப் போனார்.

(தொடரும்)