விசாவுக்கு முன்னால் பேரைச் சரிபாருங்கள்



1964-ம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறிப் போன நம் சொந்தங்கள் நீலகிரிப் பக்கம் கூடலூர், கோத்தகிரி என்று இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்குப் போய்வர பாஸ்போர்ட்டும் இந்திய விசாவும் வேண்டும்.

நம் டிவிசனில் ஓர் அம்மா. கோத்தகிரியில் அக்காவுக்குச் சுகமில்லை என்று போன் வந்ததும் பத்திரங்களோடு என்னிடம் வந்தார். பிறப்புப் பத்திரத்தில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா. நானும் கவனிக்காமல் "சரி, போங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். போன இடத்தில் பேர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்தி எடுக்க மூன்று மாதத்துக்கு மேல் போய்விட்டது. அந்த அம்மா போய்ச் சேர்ந்தது அக்காவின் கருமாதிக்குத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு இந்தக் குழப்பம் ஏன் வருகிறது? பிறந்தபோது காதில் விழுந்தபடி ஒரு பேர் எழுதினார்கள். ஸ்கூலில் வேறு, செக்ரோலில் வேறு. பெண்களுக்கு ஓரிடத்தில் அப்பா பேர், ஓரிடத்தில் புருசன் பேர். தோட்டத்துக்குள் இருக்கும்வரை யாரும் கேட்பதில்லை. வெளியே போகும்போதுதான் கேட்கிறார்கள்.

ஆகவே இப்போதே செய்ய வேண்டியவை:

1. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பத்திரம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதி, அப்பா அம்மா பேர் இவற்றையும் பாருங்கள். பதிவுப் பிரஜையானவர்கள் பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. பிறப்புப் பத்திரத்தில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் போடுங்கள். நீங்களே பேனாவால் திருத்த வேண்டாம். பத்திரமே பாழாகிவிடும்.

3. விசாப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பேரை எழுத வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது தவணை இருக்க வேண்டும். பார்க்கப் போகும் சொந்தக்காரரின் முழுப்பேர், விலாசம், போன் நம்பர் கேட்பார்கள். முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கடையில் கொடுத்துப் படிவம் நிரப்பினால், அனுப்புமுன் ஒருதரம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

4. நேரில் விசாரிக்கக் கூப்பிட்டால் பயம் வேண்டாம். எல்லாருக்கும் கூப்பிடுவதில்லை. மூலப் பத்திரங்களைக் கையில் கொண்டுபோங்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், என்ன முறை, எத்தனை நாள், செலவு யார் என்று கேட்கலாம். உள்ளதைச் சொல்லுங்கள். புரோக்கர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்க வேண்டாம். வாய் ஒன்று சொல்லி படிவம் வேறொன்று சொன்னால் சந்தேகம் வரும். ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழில் பேசலாமா என்று கேளுங்கள், அதில் வெட்கமில்லை.

பத்திரங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, லயத்தில் ஒழுகாத இடத்தில் வையுங்கள். போன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள். இந்தத் தடவை நான் எழுத்து எழுத்தாகப் பார்க்கிறேன்.

நலன்புரி உத்தியோகத்தர்