கோட்டைக்குள் ஒரு கூண்டுக் கூரை

1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர், தாம் ஆண்ட இடமெங்கும் கோட்டையும் ஆலயமும் எழுப்பினர். பருத்த தூண், தடித்த சுவர், சிறிய சாளரம், அரைவட்ட வளைவு ஆகியவை அவர்தம் கட்டடங்களின் அடையாளங்களாம். கூர்நுனி வளைவோ பின்னர் வந்த காதிக் பாணிக்கு உரியது. கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தை அடுத்துள்ள செயின்ட் மேரி ஆலயத்தில் காணப்படுவது அப்பிந்திய பாணியே. அதனை வரைந்தவர் பெயர் நார்மன் என்பது ஒரு வேடிக்கை. பெயரைக் கொண்டு பாணியைத் துணிதல் ஆகாது.

அரைவட்ட வளைவின் வலிமையை அறிய விரும்புவோர், அதே பெயருடைய வேறோர் ஆலயத்தை நோக்குதல் வேண்டும். அது சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருப்பது. 1678 மார்ச் 25இல், மரியன்னையின் திருநாளன்று, அதன் பணி தொடங்கிற்று. செலவு கும்பினியுடையதன்று, ஆளுநர் ஸ்டிரெயின்ஷாம் மாஸ்டர் முதலான கோட்டைவாசிகளே பொருள் ஈந்தனர். 1680 அக்டோபர் 28இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பெற்றது.

அதன் சிறப்பெல்லாம் கூரையிலேதான். உத்தரம் இல்லை, கைமரமும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு, மாட்டு வண்டிக் கூண்டுபோல் மூன்று நீண்ட வளைவுகளை அருகருகே கவித்துள்ளனர். கூரையின் கனம் 2 அடி. புறச்சுவரின் கனம் 4 அடி. இத்துணைக் கனம் எதற்கு? கூண்டுக் கூரை கீழ்நோக்கி அழுத்துவதோடு நில்லாது, பக்கச் சுவர்களை வெளியேயும் தள்ளும். நடுக்கூண்டின் உந்தலை இருமருங்கிலுமுள்ள கூண்டுகள் தாங்கிக்கொள்ளும். முடிவில் அவ்வளவும் புறச்சுவரின் மேல் வந்து சேரும். அச்சுவர் மெலிந்ததாயின் கூரை பிளந்து விழும்.

நார்மானியர் காலத்துப் பங்கு ஆலயங்கள் பலவற்றில் மக்கள் கூடும் பகுதிக்கு மரக்கூரையே உண்டு. லண்டன் கோபுரக் கோட்டைக்குள் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய புனித யோவான் சிற்றாலயத்திலோ கற்கூண்டு காணலாம். அதுவும் கோட்டைக்குள்ளேயே இருப்பது கருதத்தக்கது. ஆயினும், சென்னையில் கட்டியோர் அதனைப் பார்த்துப் படியெடுத்தனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. பீரங்கிக் குண்டுக்கு மரக்கூரை நில்லாது. கனத்த செங்கற்கூண்டு நிற்கும். ஆலயத்தை வரைந்தவர் கோட்டையின் தலைமைப் பீரங்கியரே என்று கருதப்படுவதால், அவருக்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போரும் வந்தது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். மதிலுக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில், ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. அக்கல்லறைகளின் மறைவில் நின்றே பிரெஞ்சுப் படையினர் தாக்கினர். முற்றுகை நீங்கிய பின் கல்லறைகளை அகற்றி, எழுத்துப் பொறித்த கற்களைக் கொணர்ந்து ஆலய முற்றத்தில் பரப்பினர். 1680இல் திறந்த ஆலயத்தின் வாயிலில், 1652ஆம் ஆண்டில் இறந்த எலிசபெத் பேக்கரின் கல் கிடப்பது இதனாலேதான்.