பொருநை கண்ட இத்தாலி



இத்தாலி நாட்டைத் தேசப்படத்தில் பார்த்திருப்பீர்கள். வடக்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர் அரண்போல நிற்க, மற்ற மூன்று புறமும் கடல் சூழ, நீட்டிய கால்போல அந்நாடு மத்தியதரைக் கடலுள் கிடக்கிறது. இவ்வளவும் பூகோளப் பாடத்திலேயே உண்டு. ஆனால், அந்நாட்டின் வரலாற்றைச் சொல்ல நான் உங்களை ரோமாபுரிக்கு அழைத்துச் செல்லப்போவதில்லை. பொதிகையிலே பிறந்து, நெல்லைச் சீமையை வளப்படுத்தி, புன்னைக்காயலருகே கடலோடு கலக்கின்றதே நம் பொருநையாறு, அதன் கரையிலும் அக்கம்பக்கத்திலுமே நாம் நடப்போம். இத்தாலிய வரலாற்றின் நான்கு பருவங்களை இச்சீமையில் நின்றே காணலாம்.

முதலில் கொற்கைக்கு வாருங்கள். நான் அங்குச் சென்றபோது கண்டவை வயல்களும், வாழைத் தோட்டங்களும், மிகப் பழமையானது என்று ஊரார் போற்றும் ஒரு வன்னி மரமுந்தான். கடலைக் காணவில்லை, அது கிழக்கே விலகிச் சென்றுவிட்டது. ஆயினும், இவ்வூர் பாண்டியரின் பெருந்துறையாக விளங்கியது. இதன் முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடற் பயண நூலும் இதனைக் குறிக்கிறது.

அக்காலத்தில் ரோமாபுரி மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் அனைத்தையும் ஆண்டது. எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து புறப்பட்ட கலங்கள் தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைகொண்டு தமிழகத்தை அடைந்தன. மிளகும் முத்தும் ஏற்றிக்கொண்டு மீண்டன. அத்துறைகளில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் இன்று கிடைத்திருக்கின்றன. ஆகவே, நம்மவரும் அங்குச் சென்றிருந்தனர் என்பது தெளிவு. வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79-இல் உயிர் நீத்த பிளினி என்னும் ரோமானிய அறிஞர், இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமாபுரியிலிருந்து கவர்ந்துகொள்கின்றன என்று மனம் வருந்தி எழுதினார். ஆடம்பரத்திற்கும் மகளிருக்கும் நாம் கொடுக்கும் விலை இது என்பது அவர் குறை.

நமக்கு அதனைக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால், அந்தக் கிரேக்க மாலுமியின் நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகளாம். ரோமானியச் சீமாட்டியின் காதில் ஒளிவிட்ட முத்துக்கு அவள் கொடுத்தது பொன். ஆழத்தில் மூச்சடக்கியவன் கொடுத்தது உயிர். பிளினியின் கணக்கில் இவனுக்கு இடமில்லை. வரலாறு படிக்கும்போது இத்தகைய விடுபட்ட கணக்கையும் நாம் தேடவேண்டும்.

கி.பி. 476-இல் மேலை ரோமானியப் பேரரசு வீழ்ந்தது. அதன்பின் பல நூற்றாண்டுகள் இத்தாலி ஒரு நாடாக இல்லை. வெனிஸ், ஜெனோவா, பிளாரன்ஸ் முதலிய நகரங்கள் தனித்தனிக் குடியரசுகளாகத் தழைத்தன. அங்கே வாளைவிடத் துலாக்கோலுக்கு மதிப்பு மிகுதி. இது இரண்டாம் பருவம். இதனைக் காண நாம் பழையகாயலுக்குச் செல்லவேண்டும்.

வெனிஸ் நகரத்து வணிகக் குடியில் 1254-இல் பிறந்த மார்க்கோ போலோ, சீனத்திலிருந்து கடல்வழியே தாயகம் திரும்பும்போது, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்டார். அப்போது பாண்டி நாட்டின் பேரரசர் மாறவர்மன் குலசேகரன். ஏடன், ஓர்முசு முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் காயலில் தங்கியதையும், மக்கள் வெற்றிலை மெல்லுவதையும் போலோ குறித்திருக்கிறார். பின்னர் அவர் ஜெனோவாவில் போர்க்கைதியாகச் சிறையிலிருந்தபோது, உடனிருந்த பீசா நகரத்து ருஸ்திசெல்லோ என்பவரிடம் இவற்றையெல்லாம் சொன்னார். அவர் 1298-ஐ ஒட்டி எழுதிவைத்தார். இத்தாலிய நகரங்கள் ஒன்றோடொன்று போரிட்டமையால் அவர் சிறைப்பட்டார். அச்சிறையில் பிறந்த நூலால் நம் காயல் உலகப்புகழ் பெற்றது!

அந்தக் காயலும் இன்று சிற்றூர்தான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து ஆராய்ந்த கால்டுவெல் ஐயர், சீனப் பீங்கானின் உடைந்த துண்டுகளை மண்ணிலே கண்டெடுத்தார். துறைமுகம் மறைந்தது எதனால்? பகைவராலன்று; பொருநையாலேதான். ஆறு கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போயிற்று. கொற்கை தூர்ந்தது; காயல் எழுந்தது. காயலும் தூர்ந்தது. நெல்லை விளைவித்த அதே வண்டல்தான் துறையை அழித்தது.

மூன்றாம் பருவம் மறுமலர்ச்சிக் காலம். போலோவின் காலத்தவரான தாந்தே, கற்றோர் மொழியாகிய இலத்தீனில் அன்றித் தம் தாய்மொழியிலேயே பெருங்காப்பியம் இயற்றினார். லியோனார்டோ டாவின்சியும் மைக்கலாஞ்சலோவும் ஓவியத்தையும் சிற்பத்தையும் உயர்த்தினர். கலீலியோ தொலைநோக்கியை வானத்தின்பால் திருப்பினார். 1612-இல் இத்தாலிய மொழிக்குப் பேரகராதி ஒன்று வெனிஸில் அச்சேறியது.

இவ்வாறு தாய்மொழிக்கு அகராதி கண்ட நாட்டில், காஸ்திலியோனே என்னும் ஊரில், 1680-இல் பிறந்தவர் ஜோசப் பெஸ்கி. 1710-இல் கோவாவில் கரையிறங்கிய அவர், நம் கரிசல் நிலத்துக் காமநாயக்கன்பட்டியிலும் தங்கிச் சமயப்பணி புரிந்தார். வந்தவர் கற்பிக்க வந்தார். ஆனால் முதலில் கற்றார். அதனாலேயே அவர் வீரமாமுனிவர் ஆனார். 'தேம்பாவணி' பாடினார், 'தொன்னூல் விளக்கம்' இயற்றினார், 1732-இல் 'சதுரகராதி' தொகுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். ஓலைச்சுவடியில் புள்ளியிடாத வழக்கத்தால் குற்றெழுத்துக்கும் நெட்டெழுத்துக்கும் வேறுபாடு தெரியாமல் மயங்கிய எகர ஒகரங்களைப் பிரித்தறிய வழிசெய்தார் என்பதும் அவர் புகழ். நீங்கள் இன்று 'கெ' என்றும் 'கே' என்றும் தனித்தனியே எழுதும்போது, அந்த இத்தாலியரின் கைச்சுவடு உங்கள் குறிப்பேட்டில் விழுகிறது.

நான்காம் பருவம் விடுதலைப் பருவம். துண்டுபட்டு அயலார் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இத்தாலியை ஒன்றாக்க, ஜெனோவாவில் பிறந்த மாஜினி 1831-இல் 'இளைய இத்தாலி' என்னும் சங்கத்தை நிறுவினார். மாஜினியின் எழுத்தும், கரிபால்டியின் வீரமும், கவூரின் அரசியல் திறமும் சேர்ந்து 1861-இல் இத்தாலிய அரசை உருவாக்கின; 1870-இல் ரோமாபுரியும் அதனோடு இணைந்தது. எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பாரதியார், மாஜினியின் பிரதிக்கினையைத் தமிழ்க் கவிதையாக்கினார். ஜெனோவா இளைஞனின் சூளுரை நெல்லைச் சீமையின் நாவில் ஒலித்தது.

ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. அயலார் நீங்கியதால் மட்டும் இத்தாலிய உழவன் வாழ்வு பெற்றுவிடவில்லை என்று காந்தியடிகள் 1909-இல் 'இந்திய சுயராஜ்ய'த்தில் எச்சரித்தார். 1922-இல் அந்நாடு முசோலினியின் கைப்பட்டது. தன் விடுதலைக்குப் போராடிய இத்தாலி, 1935-இல் எத்தியோப்பியாவின் விடுதலையைப் பறிக்கப் படையெடுத்தது. இரண்டாம் உலகப்போரின் பேரழிவைக் கண்ட பின்னரே, 1946-இல் மக்கள் தம் வாக்கால் முடியாட்சியை நீக்கிக் குடியரசை நிறுவினர். உரிமையோடு கடமையையும் வற்புறுத்திய மாஜினியின் சொல்லை மறந்ததற்கு அந்நாடு கொடுத்த விலை பெரிது. நாட்டுப்பற்று பிறர் நாட்டை மதிக்க மறந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடம் கூறும்?

நண்பர்களே! கொற்கையில் வந்திறங்கிய பொன் போன இடம் தெரியவில்லை. காயலில் இறங்கிய குதிரைகளின் குளம்படியும் இல்லை. துறைகளையே மண் மூடிவிட்டது. ஆனால், முனிவர் தொகுத்த சொல் இருக்கிறது. பாரதியார் பெயர்த்த சூளுரை இருக்கிறது. பிற நாட்டாரிடமிருந்து எதனைப் பெறுவது, எதனைக் கண்டு அஞ்சி விலகுவது என்பதை அறியவே நாம் அவர்தம் வரலாற்றைக் கற்கிறோம். அடுத்த விடுமுறையில் கொற்கைக்கு ஒருமுறை சென்று, அந்த வன்னி மரத்தடியில் நின்று, கடல் இருந்த திசையைச் சற்றே நோக்குங்கள்.