40 சதவீதம்: யாரை எண்ணுவது?

களனி, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. செயலியில் ஹயர் ஓடும் நாங்கள் சங்கம் பதிந்தால், பிக்மீயும் ஊபரும் எங்களோடு பேசியே ஆக வேண்டுமா? கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் அந்த உரிமை உண்டென்ற செய்தி பலரைக் குழப்பியிருக்கிறது. 2026 ஜூனில் ஜெனீவாவில் சர்வதேச தொழில் அமைப்பு இவ்வேலைக்கான சமவாயத்தை இரண்டாம் முறை விவாதிக்கிறது. அதற்குமுன் நம் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும்.

தொழிற்சங்கம் பதிவதற்கு 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கேட்பது ஏழு கையெழுத்து. கம்பனியைப் பேச்சுக்கு இழுப்பதுதான் பாடு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் ஒரு பிரிவு சேர்ந்தது. சங்கம் யாருக்காகப் பேசக் கேட்கிறதோ அந்தத் தொழிலாளரில் 40 சதவீதத்தினர் அதில் இருந்தால், தொழில்தருநர் பேச மறுக்கக் கூடாது.

எதில் 40 சதவீதம்? கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலை என்றால் வாசலும் உண்டு, சம்பள இடாப்பும் உண்டு, எண்ணிவிடலாம். செயலிக்கு வாசல் இல்லை. பதிந்துவிட்டு ஒருநாளும் ஓடாதவர், வார இறுதியில் மட்டும் ஓடுபவர், இரண்டு செயலியையும் திறந்து வைத்திருப்பவர் எல்லோரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியல் கம்பனியின் கையில். பேச விரும்பாதவரே மொத்தத் தொகையைச் சொல்லும் நிலையில், களனிப் பாலத்தில் நாள் முழுக்க நெரிசலில் நிற்பவரின் கையெழுத்துக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

மசாசுசெட்ஸ் மாநிலத்தார் 2024 நவம்பரில் வாக்களித்து ஏற்ற சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் கெட்டிக்காரத்தனமானது. ஆறு மாதப் பயணங்களை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பவரை விட அதிகம் ஓடியவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள். அவர்களில் 5 சதவீதத்தினர் கையெழுத்திட்டால் பட்டியலைக் கம்பனி கொடுக்க வேண்டும். 25 சதவீதம் வந்தால் சங்கமே எல்லோருக்காகவும் பேசும். கலிபோர்னியாவில் இவை 10, 30. பட்டியலைப் பிடுங்கித் தரும் அந்த முதற்படி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பாதிப் பேரில் கால்வாசி என்றால் மொத்தத்தில் ஏறத்தாழ எட்டில் ஒருவர். எட்டில் ஒருவர் மற்ற ஏழு பேரின் கட்டணத்தையும் பேசுவது என்னை உறுத்துகிறது.

இன்னொரு தடை, கம்பனிக்கும் ஓட்டுநருக்கும் உள்ள உறவைக் குறிக்கும் 'பங்காளர்' என்ற சொல். கட்டணத்தை நிர்ணயித்து, தரகு பிடித்து, கணக்கை முடக்கவும் முடிந்தவரைப் பங்காளர் என்று நான் எழுத மாட்டேன். நேரில் உழைத்துத் தர ஒப்புக்கொண்டவரையும் நம் சட்டம் தொழிலாளர் என்கிறது. ஆனால் மறுபக்கத்தில் ஒரு தொழில்தருநர் இருந்தாக வேண்டும். வழக்கு அங்கேதான் நிற்கும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக: சேமலாப நிதி கிடைக்குமா? சங்கம் வைத்ததால் மட்டும் கிடைக்காது.

ஓட்டோ என்னுடையதல்ல, நாள் வாடகைக்கு எடுக்கிறேன், சேரலாமா? சட்டம் கேட்பது உழைப்பவர் யாரென்று, வண்டிச் சொந்தக்காரர் யாரென்று அல்ல.

ஓட்டோ பார்க்கில் இருக்கும் நலன்புரிச் சங்கம் போதாதா? அது தொழிற்சங்கமாகப் பதியப்படாதவரை போதாது.