விற்பதா, வைத்துக்கொள்வதா?

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் காரின் மீது கை வைத்து நிற்கும் புகைப்படத்தைக் கண்டு, "அல்ஹம்துலில்லாஹ், வசதியாக இருக்கிறார்கள்" என்று நீங்களும் மகிழ்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் மகிழ்ந்தேன். 2025 ஜூன் மாதத்தில் என் தங்கை தொலைபேசியில், "காக்கா, காரை விற்றுவிடலாம் என்கிறார்கள் உங்கள் மச்சான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டபோதுதான் அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு எனக்குப் புலப்பட்டது.

மச்சான் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், அபெரிஸ்ட்வித் என்னும் கடற்கரை ஊரில் மருத்துவமனைச் செவிலியர். 2024 செப்டம்பரில் குடும்பத்தோடு போனார். அது பல்கலைக்கழக ஊர். வாடகை வீடுகளை மாணவர்கள் முந்திக்கொள்கிறார்கள். கடைசியில் 12 மைல் தள்ளி ஒரு சிற்றூரில்தான் வீடு கிடைத்தது. ஆட்டு மந்தைகளும், இருபுறமும் வேலி அடர்ந்த ஒரே வண்டி செல்லக்கூடிய சாலையும் உள்ள இடம். பேருந்து ஓடும் பெரிய சாலைக்கு 2 மைல் நடக்க வேண்டும், நடைபாதை கிடையாது. டிசம்பரில் மாலை நான்கு மணியைத் தாண்டியதும் மஃரிபாகிவிடும்.

முன்னேறிய நாட்டில் பேருந்துக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். அபெரிஸ்ட்வித்திலிருந்து தெற்கே கார்மார்த்தனுக்கு ஒரு காலத்தில் இரயில் ஓடியது. ஆதாயமில்லாத பாதைகளை மூடும்படி 1963-இல் இரயில்வே தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் அறிக்கை அளித்தார். அந்த அலையில் 1965-இல் இதுவும் மூடப்பட்டது. இன்று அதே ஊருக்கு இரயிலில் போக நினைப்பவர், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி வரை போய்ச் சுற்றி வர வேண்டும்! 1986-இல் இலண்டனுக்கு வெளியே பேருந்துத் தொழிலைத் தனியாரின் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். இலாபமுள்ள வழித்தடத்தில் பேருந்து ஓடும். இல்லாத இடத்தில் உள்ளூர் மன்றம் பணம் கொடுத்தால் ஓடும். ஞாயிறன்றும் இரவுப் பணி முடியும் நேரத்திலும் கிராமத்தான் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியிருக்க, விற்கும் எண்ணம் ஏன் வந்தது? செலவு ஒரு காரணம். மூன்றாண்டுக்கு மேற்பட்ட காருக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை, சாலை வரி, காப்பீடு. ஓட்டாமல் வாசலில் நிறுத்தி வைத்தாலும், சாலையிலிருந்து விலக்கிவிட்டதாக அரசுக்கு முறைப்படி அறிவிக்காவிட்டால் காப்பீடு இருந்தே தீர வேண்டும். ஊரில் தம்பியின் படிப்புக்கும் மச்சான்தான் பணம் அனுப்புகிறார். காரையாவது வட்டித் தவணையில் எடுக்காமல், கையிலிருந்த காசுக்குப் பழைய வண்டியாக வாங்கியிருந்தார். விற்பனையாளர் நீட்டிய தவணைத் தாளைத் திருப்பிக் கொடுத்த மனத்துணிவை நான் இங்கே பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் அவரை உண்மையில் கலங்கவைத்தது உரிமம். இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்களுக்குத்தான் செல்லும். சிங்கப்பூர் உரிமம் உள்ளவர் அதைக் கொடுத்து பிரிட்டன் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். இந்தியருக்கு அந்தச் சலுகை இல்லை. புதிதாக எழுத்துத் தேர்வு, பிறகு சாலைத் தேர்வு. எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 43 சரியாக இருக்க வேண்டும். சாலைத் தேர்வுக்கு நாள் கிடைக்கவோ மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மதுரைச் சாலைகளில் பதினைந்து ஆண்டுகள் ஓட்டியவர் செப்டம்பரில் மாணவராகிவிடுவார். "நான் சக ஊழியரோடு காரில் போய்க்கொள்வேன், இந்தத் தலைவலி வேண்டாம்" என்பது அவருடைய முடிவு.

நான் உடனே, "மச்சான் சொல்வதும் நியாயம்தானே" என்றேன். தங்கை சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். மச்சான் காரோடு பணிக்குப் போயிருந்தார். மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல் ஏறி உடல் வெட்டி இழுத்தது. வாசலில் நின்று அழுதவளைக் கண்டு, பக்கத்து வீட்டில் தனியே வாழும் வெள்ளைக்கார மூதாட்டி, ஒரு சொல்லும் கேட்காமல் தம் காரை எடுத்து வந்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தாராம். "அன்று நம் கார் இருந்தும் எனக்குப் பயனில்லை, காக்கா. விற்றுவிட்டால் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் பிள்ளையும்தான் இங்கே இருப்போம்."

வாசகர்களே, கார் என்றதும் ஆண்பிள்ளையின் வேலையையும் அவனுடைய உரிமத்தையும் பற்றியே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் காருக்காகக் காத்திருந்தவள் பகல் முழுவதும் உள்ளே இருந்தவள் என்பது, மதரஸாவில் பிள்ளைகளுக்கு நீதி சொல்லிக்கொடுக்கும் எனக்கு உறைக்கவில்லை.

அன்றிரவே மச்சானிடம் பேசினேன். காரை வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் சக ஊழியரோடு போகும் நாட்களில் அது வீட்டில் நிற்கட்டும், தேர்வுக்கு இருவருமாகப் படியுங்கள் என்றேன். செலவைச் சொல்லி முதலில் மறுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் நினைவூட்டியபோது, "எனக்கும் அது நெஞ்சில் கிடக்கிறது, மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

தங்கையின் பெயரையும் காப்பீட்டில் சேர்த்தார்கள். எழுத்துத் தேர்வில் அவள் முதல் முறையே தேறிவிட்டாள். மச்சானுக்கு இரண்டாம் முறை வேண்டியிருந்தது. பழகும் ஓட்டுநர் அருகில், 21 வயது நிறைந்து, மூன்றாண்டேனும் முழு உரிமம் வைத்திருப்பவர் அமர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். காரின் முன்னும் பின்னும் ‘எல்’ எழுத்தை ஒட்ட வேண்டும். வேல்ஸில் அதற்குப் பதில், கற்பவர் என்னும் வேல்ஸ் சொல்லைக் குறிக்கும் ‘டி’ எழுத்தையும் ஒட்டலாம். தங்கையின் காரில் ‘டி’ ஒட்டியிருக்கிறது. அந்த எழுத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரும், வாரம் இருமுறை அவள் அருகில் அமர்ந்து வேலி ஓரமாக மெதுவாகப் போகச் சொல்பவரும் அந்தப் பக்கத்து வீட்டு மூதாட்டிதான்.