பாறையில் படரும் வரைபட லைக்கன்

செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். அதே குடும்பத்தைச் சேர்ந்ததல்ல என்றாலும், அதே வாழ்க்கைமுறை கொண்ட மலைவாசி ஒன்று உண்டு: ரைசோகார்பன் ஜியாகிராஃபிகம். மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டுகள், அவற்றைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள் என, எல்லை வகுத்த தேசப்படம்போல் பாறையில் தெரிவதால் இதை வரைபட லைக்கன் என்கிறோம். அந்தக் கறுப்பு விளிம்பில் பாசி கிடையாது. முழுக்கப் பூஞ்சை இழைகள்தாம்.

ஆல்ப்ஸ், ஸ்காண்டினேவியா, கிரீன்லாந்து, ராக்கி மலைகள், இமயம், அண்டார்டிகா என்று இது பரவியிருக்கிறது. தூரங்கள் பெரிது, தேவைகள் ஒன்றே. கிரானைட், குவார்ட்சைட் போன்ற சிலிக்கா மிகுந்த பாறை வேண்டும், சுண்ணாம்புக்கல் ஒத்துவராது. நிழலில்லாத வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் வேண்டும். வேர் இல்லாததால் மழை, பனி, காற்று வழியாகவே நீரும் சத்தும் வந்து சேர்கின்றன. மாசும் அதே வழியில் உள்ளே போய்விடும் என்பதால், காற்று தூய்மையாக இருக்கும் இடமே இதற்கு உகந்தது.

உறைபனியிலும் வறட்சியிலும் காய்ந்து, இயக்கத்தை நிறுத்திக் காத்திருக்கும். ஈரம் பட்டதும் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கும். 2005இல் ஆய்வாளர்கள் இதை ஃபோட்டான்-எம்2 விண்கலத்தில் அனுப்பி, ஏறத்தாழ இரண்டு வாரம் வெற்றிடத்திலும் புறஊதாக் கதிரிலும் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபின் அது மீண்டும் இயங்கியது.

இந்தப் பொறுமைக்கு விலை, வேகம். பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. அந்த மந்தத்தையே 1950இல் தாவரவியலாளர் ரோலண்ட் பெஷெல் ஒரு காலக்கணக்காக மாற்றினார். பனியாறு பின்வாங்கினால் புதிய பாறை வெளிப்படும். அதில் லைக்கன் குடியேறும். அங்குள்ள மிகப்பெரிய திட்டை அளந்து, காலம் தெரிந்த கல்லறைக் கற்கள் போன்றவற்றில் வளர்ந்த திட்டுகளோடு ஒப்பிட்டால், பனி விலகிய காலம் ஏறக்குறையத் தெரியவரும். வளர்ச்சி வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால், அந்தந்த வட்டாரத்திலேயே ஒப்பிட வேண்டும். மரமே இல்லாத உயரங்களில் மரவளையத்தை எண்ண முடியாது. அங்கே இந்த லைக்கன்தான் கைகொடுக்கிறது.

மலையேறும்போது பாறையில் பெயர் கீறாதீர்கள். உள்ளங்கையளவு திட்டு ஒன்று மறுபடி வளர ஒரு நூற்றாண்டுக்கு மேலாகும்.